மனைவியின் கூரையில் பெய்த மழை

இந்த வருடம் என் மனைவியின் மழையைத் திருடிவிடுவது என்று முடிவு செய்தேன்.

எடுத்த எடுப்பிலேயே என்னைத் தப்பாக நினைக்க வேண்டாம். கொஞ்சம் பொறுத்து நினைக்கலாம். அதற்கு வேண்டிய விஷயமெல்லாம் வரிசையாக வருகிறது.

எனக்கு வயது ஐம்பத்தாறு. இந்த வயதில் மற்றவர்கள் சேர்த்து வைத்ததை எண்ணிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நான் திருட ஆரம்பித்தேன். அதுவும் சொந்த வீட்டுக்குள்.

மனைவியின் பெயர் அங்குஸ்தியாஸ். எங்கள் ஸ்பானிய மொழியில் அதற்குத் 'துயரங்கள்' என்று பொருள். ஒன்று போதாது என்று பன்மையில் வைத்திருக்கிறார்கள். அது மாதாவின் பெயர், மங்களகரமானது என்று மாமனார் சொன்னார். நானும் மாலையும் கழுத்துமாக நின்றபோது அப்படித்தான் நம்பினேன்.

அல்மேரியா பக்கம் நிஹார் சமவெளியில் எங்களுக்கு அடுத்தடுத்து இரண்டு பசுமைக் குடில்கள். ஒன்று என்னுடையது. அதில் குடைமிளகாய். மற்றது மாமனார் தன் மகள் பெயருக்கு எழுதி வைத்தது. அதில் வெள்ளரி. இரண்டு பிளாஸ்டிக் கூரைகளும் நடுவில் ஒரே தகரக் கால்வாயை நோக்கிச் சரிந்திருக்கும். கூரையில் விழுகிற மழை அந்தக் கால்வாயில் இறங்கும். கால்வாயின் வடகோடியில் என் குட்டை. தென்கோடியில் அவள் குட்டை. கால்வாய் மட்டமாக இருந்தால் ஆளுக்குப் பாதி. மாமனாரே நின்று மட்டம் பார்த்துக் கட்டியது. மாப்பிள்ளைக்கு அவர் சரிபாதி கொடுத்த ஒரே சொத்து, வானத்திலிருந்து வருவது.

எங்கள் ஊரில் மழை தூரத்துச் சொந்தம் மாதிரி. வருவேன் வருவேன் என்று ஆள் அனுப்பும். வராது. வந்தால் வீட்டைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போகும். அப்படி வந்ததைப் பிடித்து வைத்தால்தான் வருடம் முழுக்கச் செடி பிழைக்கும். கிணற்றில் இருப்பது தண்ணீர் இல்லை. கடலின் தம்பி. அதை ஊற்றினால் குடைமிளகாய் இலை ஓரத்திலிருந்து கருகிக்கொண்டு வரும்.

இதில்தான் எனக்கு ஒரு புதிர். ஒவ்வொரு மழைக்கும் அவள் குட்டை விளிம்பைத் தொடும். என் குட்டை அடி நனையும். அவ்வளவுதான். ஒரே மேகம். ஒரே கால்வாய். ஒரே மாமனார். அப்புறம் ஏன்? பல வருடங்கள் நான் இதை யோசித்திருக்கிறேன். குட்டைக்கரையில் உட்கார்ந்து, அந்தக் கையளவு தண்ணீரில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு யோசித்திருக்கிறேன். மழைக்கே என்னைப் பிடிக்கவில்லை என்பதுதான் நான் கண்ட முடிவு.

பக்கத்துக் குடில்காரன் ஹினேஸிடம் மதுக்கடையில் கேட்டேன்.

"ஹினேஸ், மழைக்கு ஆள் பாத்துப் பெய்யத் தெரியுமாடா?"

"நல்லாத் தெரியும். என் மாமியா துணி காயப்போட்டாத்தான் எங்க தெருவுல மழை."

"நான் நெசமாக் கேக்கறேன்."

"நானும் நெசமாத்தான் சொல்றேன். போன தடவை நாங்களே துணியை நனைச்சுக் குடுத்தோம்."

போன வருடம் என் மிளகாய் பாதி கருகிவிட்டது. இந்த ஆகஸ்டில் புது நாற்று நட்ட அன்று, சாப்பாட்டு மேஜையில் அங்குஸ்தியாஸ் கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் கரண்டியைக் கீழே வைத்தால் நானும் என் கரண்டியை வைத்துவிடுவேன்.

"இந்தாலேசியோ, ஒரு விஷயம்."

"சொல்லு."

"இந்த வருஷமும் உன் நாத்து கருகிச்சுன்னா, உன் குடிலையும் நானே பாத்துக்கறேன்."

"அப்ப நான்?"

"நீ பெட்டி தூக்கு."

"அங்குஸ்தியாஸ், நான் முதலாளி!"

"யாருக்கு?"

யோசித்துப் பார்த்தேன். சட்டென்று ஒருவரும் நினைவுக்கு வரவில்லை.

"குட்டைக்கு மூடி போடுன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? இருக்கற கொஞ்சமும் வெயில்ல போயிடுது," என்றாள்.

"மூடறதுக்கு உள்ள ஏதாச்சும் இருக்கணும்ல?"

அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. ஆனால் எனக்குள் முடியவில்லை. அந்தக் குடில் ஒன்றுதான் உலகத்தில் என் சொல் கேட்கும் இடம். செடிகள் எதிர்த்துப் பேசுவதில்லை. கருகும்போதுகூட மரியாதையாகக் கருகுகின்றன. அதுவும் போய்விட்டால் நான் யார்? பெட்டி தூக்குகிறவன். பெட்டிக்காவது உள்ளே ஏதாவது இருக்கும்.

அப்போதுதான் அந்த மகா யோசனை வந்தது. மழை என் பக்கம் வராவிட்டால் கால்வாயை என் பக்கம் சாய்த்துவிட்டால் என்ன?

திருட்டுக்கு நான் தேர்ந்தெடுத்த நேரம் மதியத் தூக்க நேரம். எங்கள் ஊரில் செப்டம்பர் மதியத்தில் நாய்கூடக் குரைக்காது. அங்குஸ்தியாஸ் உள்ளே குறட்டை விட்டாள். ஏணியைச் சாத்தி மேலே ஏறினேன்.

வடகோடியில், அதாவது என் பக்கம், கால்வாய்க்கு அடியில் நாலைந்து பீங்கான் ஓட்டுத் துண்டுகள் முட்டாக வைக்கப்பட்டிருந்தன. நீல ஓடு, மஞ்சள் பூ. எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. வெயிலில் எல்லாமே எங்கேயோ பார்த்த மாதிரிதான் இருக்கும். என் பக்கம் மட்டும் எதற்கு முட்டு? வடக்கே காற்று அதிகம், மாமனார் காற்றுக்காக வைத்திருப்பார் என்று எனக்கு நானே விளக்கிக்கொண்டேன். என் வாழ்க்கையில் பாதியை நான் இப்படி எனக்கு நானே விளக்கிக்கொண்டுதான் ஓட்டியிருக்கிறேன்.

அந்த ஓட்டுத் துண்டுகளை உருவி, தென்கோடியில் அவள் பக்கம் சொருகினேன். கால்வாய் என்னைப் பார்த்து அழகாகச் சாய்ந்தது. என்னைப் பார்த்துச் சாய்ந்த முதல் பொருள் அது. எனக்குக் கண் கலங்கியது.

தூங்கி எழுந்து காபியோடு வந்தவள் என்னைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள்.

"எங்க உக்காந்த?"

"எங்கயும் உக்காரலயே."

"பின்னாடி பூரா சுண்ணாம்பு."

"சுண்ணாம்பு இல்ல, மாவு. ரொட்டிக்கடைல உக்காந்தேன்."

"மதியம் ரொட்டிக்கடை மூடியிருக்குமே."

"அதான், வெளிய உக்காந்தேன்."

"மாவு வெளிய வந்துச்சா உன்னைப் பாக்க?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் போய்விட்டாள். அவள் பேசினால் எனக்குப் பயமில்லை. பேசாமல் போனால் அன்று எனக்குச் சோறு இறங்காது.

அந்தச் சுண்ணாம்பு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கோடையில் சும்மா விட்டால் குடிலுக்குள் செடி வெந்துவிடும். அதனால் கூரைக்கு மேல் வெள்ளையடித்துவிடுவோம். செப்டம்பரில் வெயில் தணிந்ததும் பீய்ச்சுக் குழாயால் அதைக் கழுவுவோம். கழுவும்போது கால்வாய் முனையில் இருக்கிற வளைவுக் குழாயை வெளிப்பக்கம் திருப்பிவிட வேண்டும். சுண்ணாம்புப் பால் ஓடைக்குப் போய்விடும். கூரை சுத்தமானதும் வளைவைக் குட்டைப் பக்கம் திருப்ப வேண்டும். அதன்பிறகு வருகிற மழைதான் குடிக்கிற மழை. வருடா வருடம் இரண்டு கூரையையும் ஒரே நாளில் கழுவுவோம்.

இந்த வருடம் என் கூரையை நான் முன்னாலேயே கழுவிவிட்டேன். ஆர்வக் கோளாறு. வளைவைத் திருப்பினேன், கழுவினேன், மறுபடி குட்டைப் பக்கம் திருப்பினேன். எல்லாம் தயார். கிணற்றுத் தண்ணீரைக் குடித்துக் குடித்து நாற்றுகளின் இலை ஓரம் மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. மழை மட்டும் வரவேண்டும்.

தொலைக்காட்சியில் மழை என்றார்கள். துள்ளிக் குதித்து வெளியே ஓடினேன். வானம் கறுத்திருந்தது. என் கூரை கண்ணாடி மாதிரி பளபளத்தது. அவள் கூரையைப் பார்த்தேன்.

வெள்ளை. பனி பெய்த மாதிரி வெள்ளை.

இப்போது என் மண்டையில் கணக்கு ஓடியது. அவள் கூரைச் சுண்ணாம்பு கால்வாயில் இறங்கும். கால்வாய் என் பக்கம் சாய்ந்திருக்கிறது.

"அங்குஸ்தியாஸ்! உன் கூரையை எப்பக் கழுவப் போற?"

அவள் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். "என்ன அவசரம்?"

"டிவில மழைன்னாங்க."

"போன மாசமும்தான் சொன்னாங்க."

"வெள்ளரிக்கு வெளிச்சம் வேணாமா?"

"இருபத்தஞ்சு வருஷத்துல என் வெள்ளரி எப்படி இருக்குன்னு நீ கேட்டதே இல்ல."

"நானே கழுவித் தரேன். இப்பவே."

எழுந்து வந்து என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "காய்ச்சல் இல்லையே."

"இல்ல, மழை வந்தா சுண்ணாம்பெல்லாம் குட்டைக்குப் போயிடும்ல..."

"யார் குட்டைக்கு?"

என் வாழ்க்கையிலேயே இவ்வளவு சின்னக் கேள்வி இவ்வளவு பெரிதாக வாயைத் திறந்து நின்றதில்லை.

"உன்... குட்டைக்குப் பாதி. என் குட்டைக்குப் பாதி."

"பாதிதானே? நான் தாங்கிக்குவேன். நீ?"

மறுபடி அவரைக்காய் உரிக்க உட்கார்ந்துவிட்டாள்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் ஒரே வரியில் முடிந்திருக்கும். ஏன் சொல்லவில்லை என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன். முதலாளி என்கிற வார்த்தை தொண்டையில் சிக்கிக்கொண்டது என்றுதான் நினைக்கிறேன். அதன் பின்னால் உண்மை வரிசையில் நின்றது.

வளைவை வெளிப்பக்கம் திருப்பிவிட்டால் போதும். வளைவு உச்சியில் இருக்கிறது. ஏணியை எடுக்கப் போனேன். ஏணி இல்லை.

"ஏணி எங்க?"

"ஹினேஸ் வீட்டுல."

ஹினேஸ் வீட்டுக்கு ஓடினேன். வாசல் சுவரில் என் ஏணி சாய்ந்திருந்தது. அதன் காலடியில் அவன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.

"ஏணியைக் குடுடா."

"முடியாதே."

"என்னடா முடியாது? என் ஏணி!"

"உன் பொண்டாட்டி கொண்டாந்து குடுத்தா. நான் கேக்கவே இல்ல. 'வச்சிரு, அவன் வந்து கேட்டா குடுக்காத'ன்னா."

"இப்ப நான் வந்து கேக்கறேன்."

"அதைத்தானே சொல்றேன். நீ வந்து கேட்டாத்தான் குடுக்கக் கூடாதாம்."

"நீ எனக்கு நண்பனா அவளுக்கு நண்பனா?"

"உனக்குத்தான். ஆனா மழை வந்தா மிகாஸ் குடுத்தனுப்புறது அவதானே?"

மழை என்றால் எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு மிகாஸ். மாவைப் பூண்டு எண்ணெயில் உதிரி உதிரியாகக் கிளறி, பொரித்த மத்தி மீனோடு சாப்பிடுவது. நாற்பது வருட நட்பை அவன் ஒரு தட்டு மாவுக்கு விற்றுவிட்டான். அவனைக் குறை சொல்லவில்லை. அவள் கைப்பக்குவம் அப்படி.

ஆக அவளுக்குத் தெரிந்துவிட்டது. அப்போதாவது நான் மண்டியிட்டிருக்கலாம். இல்லை, திரும்பி வந்து குடைமிளகாய்ப் பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினேன். அடுக்கி ஏறினேன். வளைவுக்கும் என் விரலுக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. எக்கினேன். மூக்கில் முதல் துளி விழுந்தது. பெட்டிகள் கலைந்தன. அந்தக் கணத்தில் வானத்திலிருந்து கீழே வந்தவை இரண்டு. மழை, நான்.

சத்தம் கேட்டு ஓடிவந்த ஹினேஸ்தான் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் போட்டான். வீங்கிய கணுக்காலில் அங்குஸ்தியாஸ் உறைந்த பட்டாணிப் பை ஒன்றை வைத்தாள். அன்பாகத்தான் வைத்தாள். அதுதான் என்னை நடுங்க வைத்தது.

"அசையாமப் படு. குடில் ஜன்னலைச் சாத்திட்டு வரேன்."

எங்கள் சமவெளியில் மழை பெய்தால் ஊரையே ஒரு பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டுக் கசக்குகிற மாதிரி சத்தம் வரும். படுத்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வருடம் முழுக்கக் காத்திருந்த சத்தம். ஒவ்வொரு துளியும் என் குட்டைக்குள் சுண்ணாம்பைச் சுமந்துகொண்டு போவது எனக்கு மட்டும் தனியாகக் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து வெளியே இரும்பு இழுபடும் ஓசை. ஹினேஸின் சிரிப்பு. நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.

மழை விட்டதும் நொண்டிக்கொண்டு குட்டைக்குப் போனேன்.

பால். ஊருக்கே காபி கலக்கலாம். இதைச் சொட்டுக் குழாயில் விட்டால் கண்ணெல்லாம் அடைத்து ஒரே நாளில் குழாய் செத்துவிடும். கிணற்றில் உப்பு. மஞ்சள் ஓரத்தோடு நாற்றுகள் என்னைப் பார்த்தன. வழக்கம்போல் எதிர்த்துப் பேசவில்லை. பேசியிருக்கலாம்.

சமையலறைக்கு வந்தேன். அவள் அடுப்பில் மிகாஸ் கிளறிக்கொண்டிருந்தாள்.

"உக்காரு. ஆயிடுச்சு."

"குட்டை..."

"குட்டைக்கு என்ன?"

"வெள்ளையா இருக்கு."

"உன் கூரையைத்தான் கழுவிட்டியே. அப்புறம் எப்படி வெள்ளை?"

"காத்துல..."

"காத்து என் கூரைச் சுண்ணாம்பைச் சுரண்டி எடுத்துட்டு வந்து உன் குட்டையில போட்டுடுச்சா?"

"மேக்குக் காத்து ஒரு மாதிரிதான்."

"பாவம். என் குட்டைல பாரு, கண்ணாடி மாதிரி தண்ணி. விளிம்பு வரைக்கும்."

"அது எப்படி? கால்வாய் பூரா என் பக்கம் சா..."

வாயைப் பொத்திக்கொண்டேன். பாதி வார்த்தை வெளியே போய்விட்டது. மீதியை அவள் எடுத்துக்கொண்டாள்.

"சாய்ச்சு வச்சிருந்தியே, அப்புறம் எப்படின்னு கேக்கறியா? சொல்றேன். மழை ஆரம்பிச்சதும் என் கூரைச் சுண்ணாம்பு பூரா உன் பக்கம் போச்சு. கூரை பளிச்சுன்னு ஆனதும் ஹினேஸ் ஏணி கொண்டாந்தான். நான் ஏறி முட்டுகளைப் பழையபடி மாத்தி வச்சேன். நல்ல தண்ணி என் பக்கம் வந்துச்சு. இந்த வருஷம் எனக்குக் கூரை கழுவற வேலை மிச்சம்."

"பழையபடியா?"

அவள் அடுப்புப் பக்கம் திரும்பினாள். அவள் தலைக்கு அப்பால் சுவர் முழுக்க ஓடு. நீல ஓடு, மஞ்சள் பூ. பல வருடங்களாக நான் மூன்று வேளையும் பார்த்துக்கொண்டு சாப்பிட்ட ஓடு.

"அங்குஸ்தியாஸ்... அந்த ஓடு..."

"ஒட்டினது போக மிச்சம் இருந்துச்சு."

"எப்பலேர்ந்து?"

"சமையல்கட்டுக்கு ஓடு ஒட்டின வருஷத்துலேர்ந்து."

 மழைக்கு என்மேல் கோபமே இல்லை! இத்தனை வருடம் குட்டைக்கரையில் உட்கார்ந்து நான் அழுத அழுகைக்கு யார் பதில் சொல்வது?

"அப்ப என் மிளகா கருகினது உன்னாலதான்! நீ ஒரு திருடி!"

"நீ?"

"நான் ஒரே ஒரு தடவை!"

"அப்பா வச்சது மட்டமாத்தான் இருந்துச்சு. உன் பங்கு உனக்கு ஒழுங்கா வந்துச்சு. மூடி போடாம வெயிலுக்குக் குடுத்தே. என் கண்ணு முன்னாடி வருஷா வருஷம் வத்திப்போச்சு. வீணாப் போறதுக்கு என் குட்டையிலயாவது இருக்கட்டும்னு சாய்ச்சேன். போன வருஷம் உன் மிளகா போனப்ப என் வெள்ளரிதான் நமக்குச் சோறு போட்டுச்சு. அது உன் தண்ணியில வளந்த வெள்ளரி."

நான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"நீ சாய்ச்சதை நான் அன்னிக்கே உன் கால்சட்டையைப் பாத்துக் கண்டுபிடிச்சேன். நான் சாய்ச்சதை நீ இத்தனை வருஷமாக் கண்டுபிடிக்கல. அதுக்குப் பக்கத்துல உக்காந்து அழுதுக்கிட்டிருந்த. நீயே சொல்லு. ரெண்டு குடிலையும் யாரு பாத்துக்கணும்?"

நியாயமாக யோசித்தேன். அதுதான் என் துரதிர்ஷ்டம். எனக்கு நியாயமாக யோசிக்க வருகிறது. எந்தப் பக்கமாக யோசித்தாலும் ஒரே பதில்தான் வந்தது.

"என் நாத்து என்ன ஆகும்?" என்றேன் மெதுவாக.

"ஜன்னலைப் பாரு."

பார்த்தேன். ஹினேஸ் குனிந்து, அவள் குட்டையிலிருந்து என் குடிலுக்கு ஒரு குழாயை மாட்டிக்கொண்டிருந்தான். நல்ல தண்ணீர் என் நாற்றுகளுக்குப் போகவிருந்தது. தப்பு. அவள் நாற்றுகளுக்கு.

கடைசியாக ஒன்றாவது காப்பாற்றியாக வேண்டும் என்று தோன்றியது. மேஜையைத் தட்டினேன். மெல்லத்தான் தட்டினேன்.

"சரி. ஆனா ஒரு நிபந்தனை. நாளைக்கே அந்த ஓட்டுத் துண்டையெல்லாம் எடுக்கணும். கால்வாய் உங்கப்பா வச்ச மாதிரி மட்டமா இருக்கணும். ஆளுக்குப் பாதி!"

அவள் என் தட்டில் மிகாஸை அள்ளி வைத்தாள். மேலே இரண்டு மத்தி மீனை எடுத்து வைத்தாள்.

"இனிமே அது எந்தப் பக்கம் சாய்ஞ்சா என்ன? ரெண்டு குட்டையும் என்னுதுதானே. நல்லாச் சாப்பிடு, கால் சரியானதும் பெட்டி தூக்கணும்ல."